ஜெர்மன் கீபோர்டுக்கு வேர்க்கிறது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் மே மாதத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு யாராவது வந்து எனக்குப் புத்தி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் யாரும் எனக்குப் பைபிள் வசனம் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

என் பெயர் பிரின்சி. எங்கள் கம்பெனியில் இரும்பை உருக்கி வார்க்கிறார்கள். நான் இருப்பது வாசலில், லாரிகளை எடை போடுகிற எடைமேடைக்குப் பக்கத்துக் கேபினில். லாரி வந்தால் எடைச் சீட்டு போட வேண்டும். லாரி வராத நேரத்தில் கம்பெனிக்கு வேண்டிய தமிழ் நோட்டீஸ்களை அடித்துக் கொடுக்க வேண்டும். நூற்றெண்பது பேர் வேலை செய்கிற இடத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேபின் எட்டடிக்கு எட்டடி. முன்னால் ரோடு, பின்னால் உலை. நடுவில் நான், இட்லிப் பானைக்குள் இட்லி மாதிரி.

கம்பெனியிலேயே ஏ.சி. இருந்தது ஒரே ஓர் அறையில்தான். அது லேப். ஜெர்மனியிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்த மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. இரும்பில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்கிற மெஷின். அதற்கு இருபது டிகிரிக்கு மேல் ஆகாதாம். எங்கள் முதலாளி அப்பாவு சாருக்கு அந்த மெஷின் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவருடைய அக்கா மகன் ரகு. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தும்போது அவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்க வருவான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மெஷினோடு வந்த கீபோர்டும் ஜெர்மன் கீபோர்டுதான். ரகுவுக்கு அது சரிப்படவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். பழையதைத் தூக்கிப்போட முதலாளிக்கு மனசு வருமா? என் கேபினுக்கு அனுப்பிவிட்டார். "ஜெர்மன் சாமான்மா. கொயந்த மாதிரி பாத்துக்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அந்தக் குழந்தை என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். நம் கீபோர்டில் இல்லாத நாலு பட்டன் அதில் இருந்தது. தலையில் இரண்டு பொட்டு வைத்த ஓ ஒன்று. பொட்டு வைத்த ஏ ஒன்று. பொட்டு வைத்த யூ ஒன்று. நாலாவது, தொப்பை சரிந்த பி மாதிரி ஒன்று. தமிழில் அடித்துக்கொண்டே போகும்போது விரல் கொஞ்சம் வழுக்கினால் நடுவில் ஒரு ö வந்து உட்கார்ந்துகொள்ளும். 'தொழிலாளöகள் கவனத்திற்கு' என்று ஒரு நோட்டீஸ் போனது. யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் நோட்டீஸை யார் படிக்கிறார்கள்?

முதலாளி காசு கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க மாட்டார். இலவசமாகக் கிடைக்கிற எடிட்டர் ஒன்றில்தான் நான் அடிப்பேன். அதில் ஒரு வசதி இருப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு லிஸ்ட் எழுத வேண்டும். இடது பக்கம் பட்டனின் பெயர், வலது பக்கம் அதைத் தட்டினால் என்ன வர வேண்டும் என்பது. எழுதி சேவ் செய்துவிட்டால் பட்டன் சொன்னபடி கேட்கும். முதல் நாள் எதையோ மாற்றி எழுதிவிட்டேன், இடைவெளி விடுகிற நீளப் பட்டன் அரை நாள் முழுக்கத் தொப்பை பி-யாகவே துப்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் பிடிபட்டுவிட்டது. பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பட்டனுக்கு ஓர் எழுத்துதான் வைக்க வேண்டுமா என்ன? ஒரு வாக்கியத்தையே வைக்கலாமே.

வைத்தேன். பொட்டு ஓ-வைத் தட்டினால் 'இதனால் அனைத்துத் தொழிலாளர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்'. தொப்பை பி-யைத் தட்டினால் 'ஹெல்மெட் கட்டாயம் அணிய வேண்டும்'. பொட்டு ஏ, 'மீறுபவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்'. பொட்டு யூ, 'இப்படிக்கு, நிர்வாகம்'. நோட்டீஸ் என்பதே இவ்வளவுதான். நடுவில் விஷயத்தை மட்டும் அடித்தால் போதும், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். விரலுக்கு அதுவே பழகிப்போய், போன பொங்கலுக்கு அடித்த வாழ்த்து நோட்டீஸில் 'அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள். மீறுபவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று போட்டுவிட்டேன். முதலாளி படித்துவிட்டு, நல்லா கண்டிஷனா கீதும்மா என்றார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் கத்திரி வெயில் ஆரம்பித்த ஐந்தாம் நாள், சனிக்கிழமை, நான் மயங்கி விழுந்தேன். நாயுடுப்பேட்டையிலிருந்து பழைய இரும்பு ஏற்றி வந்த டிரைவர்தான் தன் கேன் தண்ணீரை என் தலையில் ஊற்றி எழுப்பினார். கண்ணைத் திறந்தால் எடைச் சீட்டு என் கையிலேயே இருந்தது, அதையும் அவரே வாங்கிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இன்னொரு தடவை இப்படி விழுந்தால் நல்லதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் புருஷன் அன்பு ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அதிகம் பேச மாட்டான். அன்றைக்குப் பேசினான்.

"வர்ற சனிக்கெயம வரைக்கும் பாப்பேன் பிரின்சி. உங்க மொதலாளி அந்தப் பொட்டியில ஏ.சி. போட்டா போ. இல்லன்னா வேலைய உட்டுட்டு ஊட்ல இரு. எனக்கு நீ வேணும். அந்தச் சம்பளம் ஒண்ணும் வேணாம்."

அவன் சொன்னது ஆசையால்தான். ஆனால் எனக்கு அந்த வேலை வேணும். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நான். என் அம்மா சாராள் முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் குனிந்தே நாற்று நட்டவள். அவளை என் கேபினுக்கு ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். என் நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்று, கையால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அந்த நாற்காலியை விட்டுவிட்டு வா என்றால் நான் எப்படி வருவேன்?

திங்கட்கிழமை காலை நேராக முதலாளியிடம் போனேன். பயம் எல்லாம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"சார், கேபினுக்கு ஒரு ஏ.சி. போடுங்க சார். சனிக்கெயம மயங்கி வியுந்துட்டேன்."

"ஏ.சி. மெஷினுக்கும்மா. மன்சனுக்கு வேர்த்தாதான் ஒடம்பு நல்லாருக்கும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க கயனியில உங்கம்மா நாள் பூரா வெயில்ல நின்னு நட்டாளே, அவளுக்கு இன்னா ஏ.சி.யா போட்டு உட்டோம்?"

ஆமாம், என் அம்மா நட்டது இவருடைய வயலில்தான். அந்த வயலில் பாதியை விற்றுத்தான் இந்தக் கம்பெனி வந்தது. அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கேபினுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சூட்டில் கண்ணீர்கூட உடனே காய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. திரும்ப வந்தபோது எடிட்டரில் என் லிஸ்ட் காலியாகியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. வெளியே மூன்று லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, முதலாளி போனில் "நாளைக்கு கேன்டீன் லீவுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டும்மா" என்கிறார். திரையைப் பார்க்காமலே அடித்து, பிரின்ட் எடுத்து, படிக்காமலே ஒட்டச் சொல்லிவிட்டேன். போர்டில் ஏறியது இதுதான்:

'ö நாளை கேன்டீன். ä ü'

லீவு என்கிற வார்த்தையை அவசரத்தில் விட்டுவிட்டேன். தமிழ் ஆட்கள் இதை ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கிற ஒடியாக்காரர்களுக்கான நோட்டீஸ் என்று நினைத்தார்கள். ஒடியாக்காரர்கள் தமிழ் என்று நினைத்தார்கள். கேன்டீன் என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள், நாளைக்கு ஏதோ ஸ்பெஷல் சாப்பாடு என்று பரப்பிவிட்டார்கள். புதன்கிழமை ஒருத்தர்கூடச் சோறு கட்டிக்கொண்டு வரவில்லை. பன்னிரண்டரை மணிக்கு நூற்றெண்பது பேர் பூட்டிய கேன்டீன் முன்னால் தட்டோடு நின்றார்கள்.

முதலாளி அந்த நோட்டீஸைப் பிய்த்து எடுத்துக்கொண்டு என் கேபினுக்கு வந்தார். என் வேலை இன்றோடு சரி, சனிக்கிழமை வரைக்குமாவது விட்டார்களா என்று நினைத்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

"இன்னாம்மா இது? நோட்டீஸ் எய்தியிருக்கியா, கோலம் போட்டிருக்கியா?"

"சார், கரண்டு போயி…" என்று ஆரம்பித்தேன்.

அப்போது கேபின் வாசலில் கன்னியம்மாக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் யார்டு முழுவதையும் பெருக்குவது அவள்தான். ஐம்பது வயசு, யாருக்கும் பயப்படாத ஆள். துடைப்பத்தை நிறுத்திவிட்டு நடுவில் நுழைந்தாள்.

"அந்தப் பொண்ண இன்னாத்துக்கு சார் ஏசறீங்க? அந்தக் கீபோடு மேல கை வெச்சிப் பாருங்க, தோசக்கல்லு கணக்கா கீது. ஐஸ் கொட்ற ஊர்லேந்து வந்த சாமானு. இங்க இட்டாந்து வெயில்ல குந்த வெச்சா அதுக்கு மூள கொயம்பாதா? அதான் அது பாஷயில பேசுது."

அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு முதலாளி முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்ட தகப்பன் முகம் அது. மெதுவாகக் கையை நீட்டி கீபோர்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆமா. சுடுது" என்றார். "எத்தினி நாளா இப்பிடி?"

கர்த்தரே, என்னை மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். "வெயில் ஏற ஏறத்தான் சார். காலையில நல்லாத்தான் கீது" என்றேன்.

அன்று சாயங்காலம் லாரி வராத ஒரு மணி நேரத்தில் நாலு லிஸ்ட் எழுதினேன். முதலாவது நல்ல லிஸ்ட், பழையபடி. இரண்டாவது வெதுவெதுப்பு: ர் வர வேண்டிய இடத்திலெல்லாம் பொட்டு ஓ வரும். மூன்றாவது சூடு: ர்-ரோடு க-வும் ம-வும் ஜெர்மனாகிவிடும். நாலாவதுக்குக் கொதி என்று பெயர் வைத்தேன், அதில் எதைத் தட்டினாலும் ஜெர்மன்தான். மேல்வரிசையில் யாரும் தொடாத எஃப் ஒன்பது பட்டனைத் தட்டத் தட்ட, ஒரு லிஸ்டிலிருந்து அடுத்த லிஸ்டுக்குத் தாவும். என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது, அதையும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். கையில் ஒரு சூடு பார்க்கிற கன். தொடாமலே தூரத்திலிருந்து நீட்டினால் டிகிரி காட்டும், உலைப் பக்கம் வைத்திருப்பார்கள். கீபோர்டை நோக்கி நீட்டினார்.

"முப்பத்தி மூணு. அடி பாப்போம்."

அடித்தேன். சுத்தத் தமிழ். பதினொரு மணிக்கு வந்தார். முப்பத்தெட்டு. அவர் கன்னைப் பார்க்கிற நேரத்தில் எஃப் ஒன்பதை ஒரு தட்டுத் தட்டினேன். 'தொழிலாளöகள்' என்று வந்தது. முதலாளி தலையை ஆட்டினார். ஒரு மணிக்கு நாற்பத்தொன்று. 'தொழிலாளöäள்'. மூன்று மணிக்கு நாற்பத்து மூன்று. கொதி லிஸ்டைப் போட்டேன். திரை முழுக்கப் பொட்டும் தொப்பையுமாக ஓடியது. முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா பாடு படுது பாரு. நாம இத்தினி நாளா கவனிக்கல" என்றார்.

இதோ ஏ.சி. வந்துவிட்டது என்று நினைத்தேன். ஏ.சி. வரவில்லை. நாலரை மணிக்கு ஒரு டெம்போவில் பழவேற்காட்டு மீன் பெட்டி வந்தது, அந்தத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ். "அடிக்காத நேரத்துல கீபோர்ட இதுக்குள்ள வெச்சிடும்மா, ஒரு கவர் சுத்தி" என்றார். ஆக, எனக்கு ஃபேன், கீபோர்டுக்கு ஐஸ். கால் மணி நேரத்தில் கேபின் முழுக்க வஞ்சிரம் நாற்றம். சிப்காட்டில் இருக்கிற பூனை எல்லாம் என் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

பூனைகளை விரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரகு உள்ளே வந்தான். வந்தவன் நேராகத் திரையைப் பார்த்தான். அங்கே என் லிஸ்ட் நாலும் திறந்தபடி இருந்தது, வெதுவெதுப்பு, சூடு, கொதி என்று பெயரோடு. நான் ஓடிப்போய் மறைப்பதற்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டான்.

"அக்கா" என்றான். "இது நீங்களே பண்ணதா?"

மறைத்து என்ன பிரயோஜனம்? "ஆமா. போயி உங்க மாமாகிட்ட சொல்லு. நீ ஏ.சி.யில ஸ்வெட்டர் போட்டுக்கினு குந்தியிருக்க, நான் இங்க மீன் பொட்டியோட வேகறேன். சொல்லிட்டு வா, போ" என்றேன். அவன் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரகு கதவைச் சாத்தினான். ஸ்டூலில் உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டு, "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த லேப் மெஷினுக்கு இருவது டிகிரி எல்லாம் வேணாம். அது முப்பதுல கூட ஓடும். எனக்கு ஏ.சி. கெடைக்கட்டும்னு இருவதுன்னு மாமாகிட்ட சொன்னது நான்தான்" என்றான். "இப்ப ஏத்தி வெச்சா பொய்யி தெரிஞ்சிடும். மூணு வருசமா ஜல்தோஷத்தோட பேஜாராகீது."

நான் அவனை இத்தனை நாள் திட்டியதெல்லாம் வீணாகப் போனதே என்று இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அன்றைக்கு அவனுக்கு என் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த லெமன் சாதத்தில் பாதியைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி கன்னோடு வந்தார், பின்னாலேயே ரகு. கீபோர்டு ஒரு மணி நேரமாக ஐஸ் பெட்டியில் கிடந்தது. எடுத்து வைத்தேன். கன் பதினேழு காட்டியது.

"இப்ப அடி. சும்மா தமிய் பொயியும் பாரு" என்றார்.

என் கை பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒழுங்காக அடித்துக் காட்டினால் மீன் பெட்டியே போதும் என்று ஆகிவிடும். நாளைக்குச் சனிக்கிழமை. அன்பு சொன்ன நாள். யோசிக்க நேரமில்லாமல் எஃப் ஒன்பதை மூன்று தட்டுத் தட்டிவிட்டேன். திரையில் ööüßäöü என்று ஓடியது.

முதலாளி திரையைப் பார்த்தார். கன்னைப் பார்த்தார். மறுபடி கீபோர்டை நோக்கி நீட்டினார், பதினேழு. "சில்லுன்னு கீது. அப்பால இன்னாத்துக்கு ஒளறுது?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் கண்ணில் முதல் தடவையாக ஒரு சந்தேகம்.

ரகு அவர் கையிலிருந்து கன்னை வாங்கினான். சாவகாசமாகத் திருப்பி என் கையை நோக்கி நீட்டினான்.

"மாமா, இங்க பாருங்க. அக்கா கை முப்பத்தெட்டு" என்றான். "கீபோர்டு சில்லுன்னுதான் கீது. அடிக்கிற கை சுடுது. சூட அது மேல ஏத்துதே."

முதலாளி என் கையை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். பத்து வருஷமாக அவருக்கு நோட்டீஸ் அடித்த கை. "அப்ப அந்தக் கையயும் பொட்டியில வை" என்றார்.

வைத்தேன். மணிக்கட்டு வரைக்கும் ஐஸுக்குள் பத்து நிமிஷம். வெளியே எடுத்தபோது விரல் பத்தும் விறைத்துப்போய் ஒன்றுகூட மடங்கவில்லை. ஒரு பூனை வந்து என் கையை முகர்ந்து பார்த்தது. வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், கையி மட்டும் தனியா சில்லுன்னு ஆவுமா? அது இன்னா கயட்டி மாட்டற சாமானா? ஆளு மொத்தமா சில்லுன்னு இருந்தாதான் கையி சில்லுன்னு இருக்கும்."

முதலாளி மீசையை இரண்டு பக்கமும் நீவினார். பிறகு போனை எடுத்து, பொன்னேரியில் யாருக்கோ போட்டு, "ஒண்ணரை டன்னு ஒண்ணு. ஆமா, நாளைக்குக் காலையில. ஜெர்மன் மெஷினுக்கு" என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏ.சி. மாட்டியாகிவிட்டது. முதலாளி பூசணிக்காய் உடைத்தார். ஏ.சி.க்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், கம்ப்யூட்டருக்கு வைத்தார், கீபோர்டுக்கு வைத்தார், அதே வேகத்தில் திரும்பி என் நெற்றியிலும் வைத்துவிட்டு நகர்ந்தார். நான் அதை அழிக்கவில்லை. கர்த்தர் எனக்கு இத்தனையை மன்னித்திருக்கிறார், ஒரு பொட்டையா மன்னிக்க மாட்டார்? முதல் காற்று கழுத்தில் பட்டபோது எனக்குக் கண் தளும்பிவிட்டது. அன்புக்குப் போன் போட்டு, "போட்டாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவன் "சரி, சாயங்காலம் மீன் வாங்கிக்கினு வரேன்" என்றான். மீன் மட்டும் வேண்டாம் என்றேன்.

முதலாளிக்கு ஒரு கவலை இருந்தது. எல்லோரும் ஏ.சி. கேட்டுவிடுவார்களே. "கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டிடும்மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'இந்த அறையின் ஏ.சி. இயந்திரங்களுக்கு மட்டும். ஒன்று, கம்ப்யூட்டர். இரண்டு, கீபோர்டு.' அதோடு நிறுத்தி, கன்னை என் கைப்பக்கம் ஒருமுறை நீட்டிப் பார்த்தார். முப்பத்து மூன்று. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "மூணு, பிரின்சி" என்றார்.

என் விரல் ஒரு நொடி நின்றது. ஆளாகக் கேட்டபோது கிடைக்காதது, மெஷின் லிஸ்டில் மூன்றாவதாகப் போனதும் கிடைத்துவிட்டது. சிரிப்பதா, கீபோர்டைத் தூக்கி அவர் மேல் எறிவதா என்று தெரியவில்லை. அறை ஜில்லென்று இருந்தது. என் நாற்காலி எனக்குக் கிடைத்துவிட்டது. மூன்று, பிரின்சி என்று அடித்துக் கதவில் ஒட்டினேன்.

மதியம் கன்னியம்மாக்கா உள்ளே பெருக்க வந்தாள். யார்டிலிருந்து நேராக வந்தவள், ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பெருக்கவில்லை. ஏ.சி.க்கு நேராக நின்று, துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"ஏன் பிரின்சி" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அந்த ஜெர்மனியில தொடப்பம் பண்றாங்களா?"

அவள் வேடிக்கைக்குத்தான் கேட்டாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்ததெல்லாம் எனக்காக மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைக் காப்பாற்றியவளே அவள்தான். ஸ்டூலை இழுத்து ஏ.சி.க்கு நேராகப் போட்டேன். "குந்துக்கா" என்றேன். கதவில் இருந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு வேறொன்று அடித்து ஒட்டினேன். அதில் ஒரு வரி கூடுதல். நாலு, கன்னியம்மா.

திங்கட்கிழமை முதலாளி வந்தபோது கன்னியம்மாக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள், மடியில் துடைப்பம். முதலாளி கதவருகே நின்று நாலாவது வரியை இரண்டு தடவை படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி நோட்டீஸைப் பார்த்தார். திட்டத்தான் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன், எதற்கும் தயாராக.

"இது எத்தினி டிகிரியில ஓடும்?" என்று அவளைக் காட்டிக் கேட்டார்.

"இருவத்தி நாலு சார்" என்றேன்.

அவர் மேஜையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். ஏ.சி. பக்கம் திரும்பாமல், ரிமோட்டைக் கன்னியம்மாக்காவை நோக்கி நீட்டி, இருபத்து நாலு வரும்வரை அழுத்தினார்.